அம்மியா, மிக்சியா, மில்லா?
(போனுக்குள்ளே நடக்கும் ஓர் அதிசயம்)



எங்க அம்மா போனை ஆன் பண்ணினால் படம் வந்து அப்படியே நிற்கும். "என்னடி இது, இன்னும் தூங்குது?" என்று அம்மா திட்டுவாங்க. பால் பணம் பேங்கில் ஏறின மெசேஜ் அந்த போனில்தான் வரும். ஆனால் போன் சும்மா தூங்கவில்லை. அப்போது நடக்கிற பல வேலைகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஹாஷ் என்றால் என்ன?
நமக்குக் கைரேகை மாதிரி, ஃபைலுக்கு ஹாஷ். ஷா-256 என்ற முறையில் எவ்வளவு பெரிய ஃபைலைக் கொடுத்தாலும் விடை 32 பைட்தான். ஃபைலில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் விடை முழுசா மாறிடும். அதனால் யாராவது கை வைத்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

யார் சரி பார்ப்பது?
எல்லா புரோகிராமுக்கும் அடியில் இருந்து, சிப், மெமரி எல்லாவற்றையும் மேய்ப்பது கர்னல். ஆண்ட்ராய்டு போனில் இருப்பது லினக்ஸ் கர்னல். 1991இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுத ஆரம்பித்தது. அதில் 2012இல் டி.எம். வெரிட்டி என்ற காவல்காரர் சேர்ந்தார். போனின் சிஸ்டம் புரோகிராம்களை 4096 பைட் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஹாஷையும் முன்பே குறித்து வைத்திருப்பாங்க. ஒரு துண்டைச் சேமிப்பிலிருந்து படிக்கும்போது கர்னல் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்து வரலைன்னா அந்தத் துண்டை உள்ளே விடாது.

ஒரு ஜி.பி.யில் இப்படி 2,62,144 துண்டுகள்! ஒவ்வொரு துண்டையும் 64 பைட்டாகப் பிரித்து, ஒவ்வொரு 64 பைட்டுக்கும் 64 சுற்று கணக்குப் போடணும். ஆக, ஒரு துண்டுக்கே 4,000 சுற்றுக்கு மேல். நமக்கு நாலு பெருக்கல் கணக்குக்கே தலை சுற்றுது!

வேகமாக்க என்ன வழி?
மிளகாய் அரைப்பதை நினைச்சுக்கோங்க. மூன்று வழி இருக்கு.

1. அம்மி: சாதாரண கட்டளைகளாலேயே கணக்குப் போடுவது. எந்த சிப்பிலும் நடக்கும். ஆனால் மெதுவு.
2. மிக்சி: பிராசசருக்குள்ளேயே ஷா கணக்குக்கென்று தனிக் கட்டளைகள். 2011இல் அறிவித்த ஆர்ம்வி8 வகை சிப்புகளில் இதைச் சேர்க்க வழி வந்தது. ஒரு ஜோடி கட்டளைகள் சேர்ந்து நாலு சுற்றை ஒரே மூச்சில் முடிக்கும்.
3. மில்: ஹாஷ் போடுவதற்கென்றே சிப்பில் இருக்கிற தனி இயந்திரம்.

மில்லுக்கு யாராவது பையைத் தூக்கிட்டுப் போகணும் இல்லையா? அவர்தான் டிரைவர். (பஸ் டிரைவர் இல்லைங்க!) டிரைவர் என்பது கர்னலில் இருக்கும் ஒரு புரோகிராம். தகவலை இயந்திரத்திடம் கொடுத்து, முடியும் வரை காத்திருந்து, விடையை வாங்கி வரும்.

அப்போ மில்தான் நல்லதா? இல்லை. ஒரு கைப்பிடி மிளகாய்க்கு மில்லுக்கு நடந்து, வரிசையில் நின்று வருவதற்குள் வீட்டு மிக்சியில் அரைத்து முடித்துவிடலாம். 4096 பைட் என்பது கைப்பிடி அளவுதான். அதனால் மிக்சி இருக்கிற சிப்பில் பெரும்பாலும் மிக்சியே ஜெயிக்கும்.

டிரைவருக்கும் பரீட்சை!
எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். லினக்ஸ் கர்னலில் டிரைவருக்குப் பரீட்சை வைக்கும் வசதி இருக்கு. விடை தெரிந்த கேள்விகளைக் கொடுத்துப் பார்க்கும். உதாரணத்துக்கு, 'ஏபிசி' என்ற மூன்று சின்ன எழுத்துக்கு ஷா-256 விடை 'பிஏ7816' என்றுதான் தொடங்கணும். தப்பாகச் சொன்னால் அந்த டிரைவர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் வேலை கிடையாது. கணக்குப் பரீட்சையில் முதல் ஆளாகப் பேப்பரைக் கொடுத்துவிட்டு முட்டை வாங்கினால் என்ன பிரயோஜனம்? அது மாதிரிதான்.

ஆனால் ஒன்று, தோழிகளே! இந்தக் காவல் சிஸ்டம் புரோகிராமுக்கு மட்டும்தான். போனில் யாராவது கேட்டதும் நாமே ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டால் எந்த ஹாஷும் காப்பாற்றாது. இதை எங்க அம்மாவிடம் சொல்லிட்டேன். நீங்களும் இன்றைக்கு வீட்டில் சொல்லுங்க.



– 9ஆம் வகுப்பு மாணவி