முதல் இழுவைக் கேரவன்: எடை அறிந்து வாங்குவோம்

சங்க காலத்து உப்பு வணிகர்களான உமணர்கள் மாட்டு வண்டிகளில் நெடுவழி சென்றவர்கள். மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறிந்துவிட்டால் என்ன செய்வது என்று எண்ணி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டி எடுத்துச் சென்றனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் இதனைக் குறிப்பிடுகிறார். இன்று வங்கியில் நாம் வழங்கும் ‘சேமிப்பு’ என்னும் சொல்லும் இந்தச் ‘சேம’த்தோடு உறவுடையதே.

வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் ஆசை இப்போது நம் நாட்டிலும் வளர்ந்து வருகிறது. பணி ஓய்வு பெற்றவர்களும், பிள்ளைகளுடன் விடுமுறையைக் கழிக்க விரும்புவோரும் இதுபற்றி ஆர்வத்துடன் விசாரிக்கின்றனர். சேமிப்பின் பெரும்பகுதியை இதில் இடுவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எது இழுவைக் கேரவன்?

கேரவன் என்றவுடன் திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் பெரிய வண்டி நம் நினைவுக்கு வரும். அது தன் எஞ்சினால் தானே ஓடுவது. இழுவைக் கேரவனுக்கு எஞ்சின் கிடையாது. காரின் பின்புறம் கொக்கியில் பூட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீடு அது. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, சில வகைகளில் கழிப்பறை ஆகியவை அதனுள் அமைந்திருக்கும். தங்குமிடத்தை அடைந்ததும் அதைக் கழற்றி நிறுத்திவிட்டு, காரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வரலாம் என்பதே இதன் சிறப்பு.

கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அதையொட்டி இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் 2022ஆம் ஆண்டு ஒரு கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. எனினும் மின் இணைப்பும் நீரும் கழிவு நீக்கும் வசதியும் கொண்ட இத்தகைய இடங்கள் நம் நாட்டில் இன்னும் குறைவே. ஆகவே, ‘எங்கே நிறுத்துவோம்?’ என்ற கேள்விக்கு விடை கண்ட பின்னரே ‘எதை வாங்குவோம்?’ என்ற கேள்விக்குச் செல்வது முறை. வாங்குவதற்கு முன் ஏதேனும் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, குடும்பத்துடன் இரண்டு மூன்று இரவுகள் தங்கிப் பாருங்கள். குறுகிய இடத்தில் சமைப்பதும் உறங்குவதும் நம் வீட்டாருக்கு ஒத்துவருமா என்பதை விளம்பரப் படங்கள் சொல்லமாட்டா.

காரே முதலில் முடிவு செய்கிறது

பலரும் கேரவனின் அழகையும் படுக்கைகளின் எண்ணிக்கையையும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். தம் கார் அதை இழுக்குமா என்ற ஐயம் பிறகுதான் எழுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

காரின் உரிமையாளர் கையேட்டில் இழுவைத் திறன் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனி பிரேக் உள்ள இழுவைக்கு ஓர் எடையும், பிரேக் இல்லாத இழுவைக்கு அதைவிடக் குறைந்த ஓர் எடையும் குறிக்கப்படுவது வழக்கம். கையேட்டில் எதுவும் இல்லையெனில், காரைத் தயாரித்த நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். ‘இழுக்கக் கூடாது’ என்பது விடையானால் அதை மதிப்பதே அறிவுடைமை. கார் நின்ற இடத்திலிருந்து நகர்வதற்கான வலிமையை மட்டும் கருதி இந்த அளவு குறிக்கப்படுவதில்லை. இறக்கத்தில் நிறுத்துவதற்கான வலிமையும், சட்டகம் தாங்கும் பளுவும் அதில் அடங்கியுள்ளன.

ஐரோப்பிய நாடுகளில் மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவைக்குத் தனி பிரேக் கட்டாயம். பிரிட்டனில் புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை ஒன்றும் நமக்குப் பயன்படும்: பொருள்கள் ஏற்றப்பட்ட கேரவனின் எடை, காரின் வெற்று எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாதிருக்கட்டும். கார் 1,500 கிலோ எனில் கேரவன் 1,275 கிலோவுக்குள் இருக்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்த வரம்பு இதைவிடக் குறைவாயின் அந்த வரம்பே செல்லும்.

எடையும் ஒரு வங்கிக் கணக்கே

கேரவனின் தகட்டில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெற்று எடை. மற்றொன்று தாங்கக்கூடிய மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நாம் ஏற்றக்கூடிய பொருள்களின் எடை. வங்கிக் கணக்கின் இருப்பைப் போல அதைக் கருதலாம். ஏற்றும் ஒவ்வொரு பொருளும் அந்த இருப்பிலிருந்து எடுக்கப்படும் தொகை.

ஓர் எடுத்துக்காட்டு: வெற்று எடை 950 கிலோ, மொத்த எடை 1,200 கிலோ. இருப்பு 250 கிலோ. இனி செலவைப் பார்ப்போம். தொட்டியில் 60 லிட்டர் நீர் என்றால் 60 கிலோ. ஈய மின்கலம் ஒன்று 30 கிலோ. சிறிய எரிவாயு உருளையும் அடுப்பும் 15 கிலோ. மடக்கு மேசை, நாற்காலிகள் 20 கிலோ. வெளிப்பந்தல் துணியும் கம்பிகளும் 25 கிலோ. பாத்திரங்கள் 20 கிலோ. துணிமணியும் படுக்கை விரிப்பும் 40 கிலோ. ஜாக்கியும் கருவிகளும் 20 கிலோ. கூட்டினால் 230 கிலோ. மீதி 20 கிலோ மட்டுமே. திரும்பும் வழியில் 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றை ஏற்றினால் கணக்கு இருப்பைத் தாண்டிவிடும். வங்கியில் மிகைப்பற்றுக்கு வட்டி கட்டினால் போதும். சாலையில் அதன் விலை டயர் வெடிப்பாகவோ அச்சு முறிவாகவோ வரலாம்.

மனக்கணக்கை நம்பவேண்டா. ஆலைகளுக்கும் லாரி நிறுத்தங்களுக்கும் அருகில் உள்ள எடைமேடையில் கேரவனை ஏற்றி ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

எடையின் அளவைப் போலவே அதன் இடமும் முக்கியம். கனமானவற்றை அச்சுக்கு மேலாகத் தரையோரத்தில் வையுங்கள். இலேசானவை மேல் அலமாரிகளுக்குச் செல்லட்டும். காரின் கொக்கியை அழுத்தும் மூக்கு எடை, ஏற்றப்பட்ட கேரவனின் எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரை இருப்பது ஐரோப்பிய வழக்கம். மேற்சொன்ன கேரவனுக்கு 60 முதல் 84 கிலோ. இதற்கும் காரின் கையேட்டில் ஓர் உச்ச வரம்பு உண்டு. அதை மீறக் கூடாது. பின்புறம் கனம் மிகுந்தால் மூக்கு எடை குறையும். அப்போது வேகம் கூடும்போது கேரவன் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையும் சேர்த்துக் கவிழ்க்கவல்லது.

மின்சாரமும் எரிவாயுவும்

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் 1,200 வாட்-மணி ஆற்றலைக் கொண்டது. ஈய மின்கலமாயின், அதன் ஆயுளைக் காக்க அதில் பாதியை மட்டுமே பயன்படுத்துவது நன்று, அதாவது 600. முப்பது வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 240, ஐந்து வாட் விளக்குகள் நான்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 100, கைபேசிகளுக்கு 60. ஆக 400. ஓர் இரவுக்கு இது தாராளம். ஆனால் ஒரு டன் குளிர்சாதனம் ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும். மின்கலம் அரை மணி நேரத்திலேயே ஓய்ந்துவிடும். குளிர்சாதனம் இல்லாமல் முடியாது என்போர், வெளி மின் இணைப்பு உள்ள இடங்களிலேயே தங்கத் திட்டமிட வேண்டும். அந்த இணைப்பு நில இணைப்புடனும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி வழியாகவும் வருவது இன்றியமையாதது. லித்தியம் மின்கலத்தின் விலை அதிகம். ஆனால் எடை ஈய மின்கலத்தின் பாதிக்கும் குறைவு, பயன்படும் ஆற்றலும் அதிகம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே செல்லாது, தரையில் தேங்கும். எனவே உருளை வைக்கும் பெட்டியின் அடிப்பகுதியில் வெளிப்புறம் நோக்கிய காற்றுத் துளை இருக்க வேண்டும்; கசிவு அறிவிப்பான் தரையோரம் இருக்க வேண்டும். உருளை எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும். வண்டி ஓடும்போது அதன் வால்வு மூடியிருக்கட்டும். ரப்பர் குழாயில் அச்சிட்டுள்ள காலம் முடிந்ததும் தயங்காமல் மாற்றுங்கள்.

மலைப்பகுதிகளில் குளிர் தாங்காமல் கேரவனின் கதவுகளை அடைத்துவிட்டு, அடுப்பையோ கரிக் கணப்பையோ எரிய விட்டு உறங்குவது உயிருக்கே ஆபத்து. அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழித்துக்கொள்ளவே மாட்டார். கம்பளிகளை மிகுதியாக எடுத்துச் செல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு அறிவிப்பான் ஒன்றும், கதவருகே கைக்கெட்டும் தீயணைப்பான் ஒன்றும் முதல் நாளிலேயே வாங்கவேண்டிய பொருள்கள். அழகுத் திரைச்சீலைகள் காத்திருக்கலாம்.

சாலையில்

புறப்படுமுன் கொக்கி பூட்டியதா, பாதுகாப்புச் சங்கிலி மாட்டியதா, பிரேக் விளக்கும் திரும்பும் விளக்கும் எரிகின்றனவா, முன்சக்கரமும் தாங்குகால்களும் மேலே தூக்கப்பட்டனவா என்று ஒவ்வொரு முறையும் சுற்றி வந்து பாருங்கள். புதிதாகப் பூட்டிய சக்கரத்தின் நட்டுகளை முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மீண்டும் இறுக்க வேண்டும். கேரவனின் டயர்கள் தேய்வதற்கு முன்பே முதுமை அடைபவை. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அவற்றின் பிறந்த நாளைச் சொல்லும்; ‘2319’ என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பயன்படுத்திய கேரவனை வாங்குவோர் இதனை மறவாது பார்க்க வேண்டும். உதிரிச் சக்கரம் உமணரின் சேம அச்சைப் போன்றது. அது இல்லாமல் புறப்படக் கூடாது.

ஓடும் கேரவனுக்குள் எவரும் அமரக் கூடாது. கேரவன் ஆடத் தொடங்கினால் காரின் பிரேக்கைப் பலமாக மிதிக்க வேண்டா; வேகத்தைக் கூட்டவும் வேண்டா. முடுக்கியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தால் வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். பின்னோக்கிச் செலுத்தும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேரவன் எந்தப் பக்கம் செல்ல வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். வெற்று மைதானத்தில் ஒரு காலைப் பொழுது பழகினால் இது கைவரும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை போன்றவற்றைப் புதியவர்கள் தவிர்ப்பது நலம்.

பதிவும் காப்பீடும் கடனும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இழுவையையும் மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் காரின் பதிவெண்ணும் அதன்மேல் காட்டப்பட வேண்டும். பட்டறையில் கட்டித் தருபவர் ‘பதிவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் முன்பணம் கொடுக்க வேண்டா. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். காரில் கொக்கி பொருத்துவதையும் இழுவை பூட்டுவதையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பாதுகாப்பு தொடர்வதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடன் பெறுவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ரூ.6,00,000 கடன், ஆண்டு வட்டி 11 விழுக்காடு, தவணைக் காலம் 5 ஆண்டுகள் என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ ரூ.13,045, ஆண்டுக்கு ரூ.1,56,500. ஆண்டில் 20 இரவுகள் தங்கினால், தவணை மட்டுமே ஓர் இரவுக்கு ரூ.7,800 ஆகிறது. காப்பீடு, பராமரிப்பு, நிறுத்துமிட வாடகை, கூடுதல் எரிபொருள் ஆகியவை தனி. நல்ல விடுதியின் அறை வாடகையோடு இதனை ஒப்பிட்டு, குடும்பத்தாருடன் கலந்து முடிவு செய்யுங்கள். 40 இரவுகள் என்றால் தொகை பாதியாகும். கணக்கு வட்டியில் மட்டும் இல்லை. நாம் எத்தனை நாள் பயன்படுத்துவோம் என்பதிலும் இருக்கிறது.

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைத் தவணைக் கடன்களுக்கு, முக்கிய விவர அறிக்கை ஒன்றை வங்கிகள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த மொத்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். கையெழுத்திடுமுன் அதனைப் படித்துப் பாருங்கள். கடன் முடிந்த பின், பதிவுச் சான்றிதழில் உள்ள வங்கியின் பெயரை நீக்கப் படிவம் 35 பெறவும் மறவாதீர்கள்.

முதல் பயணம்

முதல் பயணம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், தெரிந்தவர் ஒருவரின் தோப்பிலோ பண்ணையிலோ அமையட்டும். எது குறைகிறது, எது தேவையின்றி வந்திருக்கிறது என்பது அந்த இரண்டு இரவுகளில் புலப்படும். பயன்படாத பொருள்களைத் திரும்பி வந்ததும் இறக்கி வையுங்கள். அவற்றின் எடை கணக்கில் மீண்டும் வரவாகச் சேரும். அடுத்த பயணத்தில் சற்றுத் தொலைவு செல்ல அந்த இருப்பு உதவும்.