சும்மா நிற்கும் டிராக்டரில் பாட்டரியைக் காப்பது எப்படி?

சம்பா அறுவடை முடிந்து, தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் பச்சை கட்டி நிற்கும் மாசி, பங்குனி மாதங்களில் காவிரிப் பாசனப் பகுதியில் உழவுக்கு அதிக வேலை இராது. டிராக்டர் கொட்டகையில் ஒதுங்கிவிடும். மீண்டும் அதற்கு முழு வேலை வருவது குறுவைக்குத்தான். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12 என்றாலும் அந்த நாளை மட்டும் நம்பியிருக்க முடிவதில்லை. 2022-ல் மே 24-ந் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை தள்ளிப் போயிற்று. தண்ணீர் எப்போது வந்தாலும், வந்த அன்று விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒரே சத்தத்தோடு நின்றுவிடும் டிராக்டர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

அப்போது பழி பாட்டரிக் கம்பெனி மேல் விழும். உண்மையில் அந்தப் பாட்டரி ஓடிக் கெட்டதல்ல, நின்று கெட்டது.

பாட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும். மின்சாரம் இறங்க இறங்க, அமிலத்தில் உள்ள கந்தகச் சத்து தகடுகளில் ஈய சல்பேட்டாகப் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து மீண்டும் அமிலத்தில் சேர்ந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் படிவு பெரிய பெரிய பளிங்காகி இறுகிப் போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது கரைவதில்லை. 'பாட்டரி சார்ஜ் பிடிக்க மாட்டேன் என்கிறது' என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

எந்த விளக்கும் எரியாமல் சும்மா இருந்தாலும் பாட்டரி தானாகவே இறங்கும். நல்ல நிலையில் உள்ள புதுப் பாட்டரி, மிதமான சூட்டில் மாதத்துக்கு நூற்றில் நாலைந்து பங்கை இழக்கும். பழைய பாட்டரியானால் இழப்பு இன்னும் அதிகம். சூடு 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் நிற்கும் டிராக்டரின் பாட்டரி என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குளிர் நாடுகளிலும் இதே தொல்லை வேறு உருவில் உண்டு. அமெரிக்கா, கனடாவில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளைப் பனிக்காலம் முழுவதும் நிறுத்தி வைப்பார்கள். சார்ஜ் இறங்கிய பாட்டரியில் அமிலம் வெறும் தண்ணீர் போல ஆகிவிடுவதால், கடும் பனியில் அது உறைந்து பெட்டியே வெடித்துவிடும். முழுச் சார்ஜில் உள்ளது அவ்வளவு எளிதில் உறையாது. நம் ஊரில் பனிக்குப் பதில் வெயில். எங்கும் விதி ஒன்றே: நிறுத்தி வைக்கும் பாட்டரியை முழுச் சார்ஜில்தான் நிறுத்தி வைக்க வேண்டும்.

டிராக்டரை ஓரங்கட்டும் அன்றே பாட்டரி வேலையையும் முடித்துவிடுவது நல்லது. முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ் வயரை, அதாவது பாடியோடு இணைந்துள்ள எர்த் வயரை. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் தவறி பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், கையும் வெந்துபோகும். மாட்டும்போது இதற்கு நேர்மாறாக நெகட்டிவைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

'சாவியை எடுத்துவிட்டோமே, வயரை ஏன் கழற்ற வேண்டும்?' என்று கேட்கலாம். இப்போது வரும் டிராக்டர்களில் மீட்டர், கடிகாரம் என்று ஏதாவது ஒன்று சிறிது மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கலாம். பிறகு இணைத்த பாட்டுப் பெட்டியும் அப்படித்தான். வெறும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 100 நாளில் 72 ஆம்பியர்-மணி போய்விடும். 75 ஆம்பியர்-மணி பாட்டரியில் அதன்பின் மிச்சம் என்ன இருக்கும்?

பாட்டரியின் மேல்புறத்தில் படியும் தூசியும் அமில ஈரமும் சேர்ந்தால் அதன் வழியாகவும் மின்சாரம் ஒழுகும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடா நீர் உள்ளே போனால் அமிலம் கெட்டுப் போகும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, டெர்மினலில் வாசலின் தடவி வைக்கலாம்.

அடுத்தது முழுச் சார்ஜ். பாட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரம் ஏற்றக் கூடாது. 75 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு ஏழரை ஆம்பியர். சில சார்ஜ் கடைகளில் நான்கைந்து பாட்டரிகளை ஒன்றாகக் கோத்து, அவசரமாக அதிக ஆம்பியர் கொடுத்து, மாலையில் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பாட்டரி தொட்டாலே சுடும்; தகடு வளையும். ஒரு இரவு கூடுதலாக இருந்தாலும் மெல்ல ஏற்றச் சொல்ல வேண்டும். எல்லா அறைகளிலும் ஒரே மாதிரி குமிழி வந்து, ஹைட்ரோமீட்டர் அளவு மணிக்கொரு முறை பார்த்தும் மாறாமல் நின்றால் முழுச் சார்ஜ் ஆயிற்று என்று பொருள். மெக்கானிக்குகள் 1240, 1250 என்று புள்ளியில்லாமல் சொல்வது 1.240, 1.250 என்ற ஒப்படர்த்தியைத்தான். 1.240 முதல் 1.260 வரை இருந்தால் திருப்தி. 1.200-க்குக் கீழே வந்தால் தாமதிக்கக் கூடாது. ஆறு அறைகளில் ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் அந்த செல் போய்விட்டது. அந்தப் பாட்டரிக்கு மேற்கொண்டு சார்ஜ் காசு கொடுப்பது வீண்.

ஹைட்ரோமீட்டர் இல்லாதவர்கள் சாதாரண மல்டிமீட்டரால் பார்க்கலாம். சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஆறவிட்ட பிறகு 12.6 வோல்ட்டுக்குமேல் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். போர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றக் கூடாது. அவற்றில் உள்ள உப்பும் இரும்பும் தகட்டை அரிக்கும். தானாக இறங்கும் வேகத்தையும் கூட்டும். காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர் ஒன்றே போதும். சார்ஜ் ஏறிய பிறகே மட்டம் பார்த்து ஊற்ற வேண்டும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் மூழ்கும் அளவுக்கு முன்னதாக ஊற்றலாம். 'பவர் குறைந்துவிட்டது' என்று ஆசிட் ஊற்றுவது பாட்டரியைக் கொல்லும் வழி. ஆவியாகிப் போவது தண்ணீர்தானே தவிர அமிலம் அல்ல.

பாட்டரியைக் கழற்றிக் காற்றோட்டமான நிழலில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிடலாம். சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. மரப் பெட்டியிலும் ரப்பர் பெட்டியிலும் பாட்டரி வந்த காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரையால் தீங்கில்லை. மாதம் ஒரு முறை அளந்து பார்த்து, 12.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் சார்ஜ் போட்டால் போதும்.

வாரம் ஒரு நாள் டிராக்டரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது சிலருக்கு வழக்கம். செல்ஃப் மோட்டார் இழுத்ததை ஈடுகட்ட அது உதவலாமே ஒழிய, இறங்கிப்போன பாட்டரியை நிரப்ப உதவாது. அதற்குப் பல மணி நேர சார்ஜ் தேவை.

சார்ஜ் ஏறும்போது வெளிவருவது ஹைட்ரஜன் வாயு. ஒரு பீடி நெருப்புப் போதும், பாட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேறு டிராக்டரிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்புவோர், இரண்டும் 12 வோல்ட்தானா என்று பார்த்து, முதலில் பாசிட்டிவோடு பாசிட்டிவைச் சேர்க்க வேண்டும். நெகட்டிவ் வயரின் கடைசி முனையைச் செத்த பாட்டரியில் மாட்டாமல், அதைவிட்டுத் தள்ளி எஞ்சின் இரும்பில் மாட்டினால் பொறி வாயுவில் படாது.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. பாட்டரி சோர்ந்து செல்ஃப் எடுக்காதபோது, சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே நின்றுகொண்டு ஸ்குரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரின் டெர்மினல்களைச் சேர்த்துக் கிளப்பிப் பார்க்கிறார்கள். கியர் விழுந்திருந்தாலும் கிளம்பாதபடி தடுக்கும் சுவிட்ச் இருந்தால், அதைத் தாண்டிப் போகும் வழி இது. கியர் விழுந்திருந்தால் டிராக்டர் கிளம்பிய கையோடு நகரும். பின்சக்கரம் நிற்பவர் மேலேயே ஏறும். இப்படி உயிர்விட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. ஆசனத்தில் உட்கார்ந்து சாவியால் கிளம்பவில்லையென்றால், அன்றைய உழவு போனாலும் போகட்டும்.

வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே கவனிப்புத் தேவை. வேலைக்காகக் குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறார்கள். ஒரு பல்பும் எரியாவிட்டாலும் இன்வெர்ட்டர் தனக்கென்று மின்சாரம் எடுக்கும். அது ஒரு ஆம்பியர் என்றால் நாளைக்கு 24 ஆம்பியர்-மணி. 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒரு வாரத்தில் காலி. போகுமுன் முழுச் சார்ஜ் ஆகவிட்டு, இன்வெர்ட்டரை அணைத்து, பாட்டரி வயரையும் கழற்றிவிட வேண்டும். மெயினை அணைக்காமல் போவதானால் பாட்டரி சார்ஜிலேயே இருக்கும். ஆனால் தண்ணீர் குறையும். டியூபுலர் பாட்டரியின் மிதவை கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்க்க யாராவது இருக்க வேண்டும்.

முதுகில் மாட்டும் பாட்டரி ஸ்பிரேயரைப் பருவம் முடிந்ததும் பரணில் போட்டுவிடுவது வழக்கம். அதில் பெரும்பாலும் 12 வோல்ட் மூடிய ஈயப் பாட்டரிதான் உண்டு. அதையும் நிறையச் சார்ஜ் ஏற்றி வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் ஏற்ற வேண்டும். லித்தியம் வகையானால் மாறுதல் உண்டு: அதைப் பாதிச் சார்ஜில் வைப்பதே நல்லது.

தீர்ந்துபோன பாட்டரியின் ஆசிட்டை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டக் கூடாது. ஈயத்தை எடுக்க வீட்டில் உடைக்கவும் கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். 2022-ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. புதுப் பாட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதன் விலையைக் கழித்துக்கொள்ளலாம். எடையைக் கண்முன் போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.