காம்பால் ஏறும் கொடி: பங்காருபாளையத்தில் கிளெமாட்டிஸ்

கிளெமாட்டிஸ் ஏறத்தாழ 300 இனங்கள் அடங்கிய பேரினம். பெரும்பாலானவை கொடிகள். கருஞ்சீரகமும் இதே ரனன்குலேசி குடும்பம்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பூவில் அகலமாக, நிறத்தோடு விரிந்து நிற்பவை அல்லிகள் அல்ல, புல்லிகள். பெரும்பாலான இனங்களில் அல்லி கிடையவே கிடையாது. பூ உதிர்ந்தபின் ஒவ்வொரு விதையின் நுனியிலும் சூல்தண்டு நீண்டு, மென்மயிர் போர்த்த வாலாக மாறும். அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் காற்று விதையைக் கொண்டுபோகிறது.

இந்தக் கொடி ஏறும் விதம் தனி. அவரையைப் போல் தண்டைச் சுற்றி ஏறுவதில்லை, பாகலைப் போல் தனிச் சுருளும் விடுவதில்லை. இலைக்காம்பே வளைந்து பற்றிக்கொள்கிறது. சார்ல்ஸ் டார்வின் 1865-இல் ஏறுகொடிகளைப் பற்றி எழுதிய ஆய்வில் இதற்குப் பல பக்கங்கள் ஒதுக்கினார். இலையால் ஏறும் கொடிகளின் காம்பு, 4 மில்லிகிராம் எடையுள்ள நூல் வளையத்தைத் தொங்கவிட்டாலே வளையத் தொடங்கும் என்று அவர் கண்டார். நம் செங்காந்தளும் இலையால் ஏறுவதுதான். ஆனால் அது பற்றுவது இலையின் நுனியால்.

சித்தூரிலிருந்து பெங்களூரு போகும் சாலையில், மொகிலி மலைப்பாதைக்குக் கீழே இருக்கிறது பங்காருபாளையம். மாந்தோப்புகளும் செம்மண்ணும் கருங்கல்லுமான ஊர். இங்கே கிளெமாட்டிஸ் சேர்க்க விரும்புகிறவர் வெளிநாட்டு நர்சரிப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் சுற்றியுள்ள மலைகளை அறிந்துகொள்வது நல்லது. பட்டியலில் படம் பார்த்து ஆசைப்படும் பெரிய நீலப்பூ வகைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காக உருவானவை. மலைச்சரிவில் வளர்பவை இந்த வெயிலுக்குப் பழகியவை.

அவற்றில் முதலில் சொல்ல வேண்டியது வாதங்கொல்லி. தெலுங்கில் இதை முக்குபீனச தீக என்பார்கள். இலையைக் கசக்கி முகர்ந்தால் மூக்கடைப்பு விடும் என்ற நாட்டு வழக்கிலிருந்து வந்த பெயர் அது. நீண்ட காலம் நரவேலியா என்ற தனிப் பேரினமாக இருந்தது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு கிளெமாட்டிஸ் செய்லானிகா என்று இங்கேயே சேர்த்துவிட்டார்கள். இதன் இலை உற்றுப் பார்க்கத்தக்கது. ஒவ்வொரு இலைக்கும் இரண்டே சிற்றிலைகள். மூன்றாவது, நடுவில் இருக்க வேண்டியது, பற்றுக்கம்பியாக மாறிக் கிளைவிட்டுக் கிடக்கும். பெரும்பாலான கிளெமாட்டிஸ்களுக்கு இல்லாத மஞ்சள் கலந்த பச்சை நிற ஒல்லி இதழ்கள் இதற்கு உண்டு. நுனி சற்றுத் தடித்திருக்கும். மணமும் உண்டு. தண்டு உறுதியானது என்பதால் காட்டோர மக்கள் கட்டுக்கயிறாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அடுத்தது கிளெமாட்டிஸ் கௌரியானா. இந்தியாவின் பல மலைகளில் காணப்படும் இனம். வங்காளத்தின் பழைய கௌர் நகரத்தின் பெயரைத் தாங்கியது. மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் சிறு வெண்பூக்களைக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். தனிப்பூவாகப் பார்த்தால் ஏமாற்றம்தான். வேலி முழுக்கப் படர்ந்து பூத்துப் பிறகு நரைத்த வால்களோடு நிற்கும்போதுதான் அழகு தெரியும். வேகமாகப் படரும் கொடி என்பதால் காய்க்கும் மாமரத்தில் ஏறவிடக் கூடாது.

நீலகிரி, பழநி மலைகளுக்குப் போனால் வேறு இனங்கள் கிடைக்கும். தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெயரால் அமைந்த கிளெமாட்டிஸ் வைட்டியானா அங்கே சோலைக்காட்டு விளிம்புகளில் மென்மயிர் போர்த்திய இலைகளோடு வளர்கிறது. ஊட்டியின் குளிரில் இருப்பது பங்காருபாளையத்தின் சித்திரை வெயிலைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

குளிர்நாட்டு வகைகளின் கதையும் ஓரளவு இந்தியாவோடு தொடர்புடையது. இமயமலையின் கிளெமாட்டிஸ் மொண்டானா 1831-இல் சீமாட்டி ஆம்ஹர்ஸ்ட் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பெரும்பூ வகைகளுக்குத் தாயாக அமைந்தவை சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் போன இனங்கள். வோக்கிங் ஊரின் ஜாக்மன் நர்சரி உருவாக்கிய ஊதாநிற ஜாக்மனி 1862-இல் முதன்முதலாகப் பூத்தது. தோட்டங்களில் கிளெமாட்டிஸ் மோகம் பரவியது அதன் பிறகுதான். பிந்தைய நூற்றாண்டில் வார்சாவின் இயேசு சபைத் துறவி ஸ்டெஃபான் ஃபிரான்சாக் மடத்துத் தோட்டத்திலேயே புகழ்பெற்ற பல ரகங்களைப் படைத்தார். இன்றும் புதிய ரகங்களின் பெயர்களைப் பதிவு செய்வது லண்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம்.

கவாத்தை வைத்துத் தோட்டக்காரர்கள் இவற்றை மூன்றாகப் பிரிக்கிறார்கள். மொண்டானா போன்றவை சென்ற ஆண்டுத் தண்டில் பூப்பவை, வெட்டவே தேவையில்லை. நெல்லி மோசர் போன்ற பெரும்பூ ரகங்கள் முதலில் பழைய தண்டிலும் பிறகு புதுத் தளிரிலும் பூக்கும். காய்ந்ததை மட்டும் எடுத்தால் போதும். ஜாக்மனியும் விட்டிசெல்லா வகைகளும் புதுத் தளிரில் பூப்பவை. தரையிலிருந்து ஓரடி விட்டு ஒட்ட வெட்டலாம். சமவெளியில் ஆசைப்பட்டு ஒன்றை முயல்வதென்றால் இந்த மூன்றாம் வகையில் முயல்வதே புத்திசாலித்தனம். பழைய தண்டு குளிர் கண்டால்தான் பூக்கும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. முதல் வகையை இங்கே நடுவது காசைக் கரைப்பது.

நடவில் எல்லா இனங்களுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: தலைக்கு வெயில், வேருக்கு நிழல். கிழக்கு பார்த்த இடம் நல்லது. உச்சி வெயிலுக்குப் பிறகு மரநிழல் விழ வேண்டும். இரண்டடிக் குழியில் மட்கிய தொழு உரமும் மணலும் செம்மண்ணோடு கலந்து, வடிகால் உள்ளதாக நிரப்ப வேண்டும். வேர்ப்பகுதியைத் தேங்காய் மட்டையாலோ தட்டைக்கல்லாலோ மூடி வைக்கலாம். கலப்பினக் கொடியை மட்டும் தொட்டியில் இருந்ததைவிட இரண்டு மூன்று அங்குலம் ஆழத்தில் புதைப்பார்கள். தண்டைத் திடீரென்று கருக்கும் பூஞ்சை வாடல் நோய் தாக்கினாலும் மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து மீண்டும் துளிர்க்கும் என்பதற்காக.

ஏற்றிவிடுவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். இந்த வட்டாரத் தோட்டங்களில் கருங்கல் தூண்கள் நிற்பதைப் பார்த்து, அவற்றிலேயே கொடி ஏறிவிடும் என்று விட்டுவிடுவார்கள். காம்பு பற்றுவதற்கு ஒல்லியான பிடி வேண்டும்; பென்சில் பருமனுக்கு மேல் இருந்தால் சுற்ற முடியாது. தூணைச் சுற்றிக் கம்பிவலையோ, மேலிருந்து கீழாகச் சணல் கயிறோ கட்டினால் இரண்டு வாரத்தில் கொடி தானே வழி கண்டுகொள்ளும். இளந்தண்டு கண்ணாடிபோல் முறியும். கட்டும்போது நெரிக்கக் கூடாது.

பெருக்குவதற்குப் பதியமே பாதுகாப்பானது. ஓராண்டுத் தண்டை வளைத்து, கணுவில் லேசாகக் கீறி, மண்ணுக்குள் அழுத்திக் கல் வைத்துவிட்டால் சில மாதங்களில் வேர் பிடிக்கும். வெட்டுத்துண்டு நடுவதில் இக்கொடிக்கென ஒரு முறை உண்டு. மற்ற செடிகளுக்குக் கணுவுக்குக் கீழே ஒட்டி வெட்டுவார்கள். இதற்கு இரு கணுக்களுக்கு நடுவே வெட்ட வேண்டும். ஒரு கணு, அதன் இரண்டு இலைகளில் ஒன்று, கீழே இரண்டு அங்குலத் தண்டு, இவ்வளவே போதும். விதை முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம். கலப்பின விதையிலிருந்து தாயைப் போன்ற செடி வரும் என்ற உறுதியும் இல்லை.

வெட்டும்போது கையுறை அணிவது நல்லது. கிளெமாட்டிஸ் சாறு தோலை எரித்துக் கொப்புளிக்கச் செய்யும். ஐரோப்பியப் பிச்சைக்காரர்கள் இரக்கம் தேடித் தங்கள் உடம்பில் புண் உண்டாக்க ஒரு காட்டுக் கிளெமாட்டிஸைத் தேய்த்துக்கொண்ட வழக்கம் உண்டு. பிரெஞ்சில் அதற்குப் பிச்சைக்காரர் மூலிகை என்றே பெயர். ஆகவே வாதங்கொல்லியை அரைத்துப் பற்றுப் போடுவது, மருத்துவரைக் கேட்காமல் செய்யத் தக்கதல்ல.

சேகரிப்பு என்றால் பெயர்ப்பலகை மட்டும் போதாது. ஒரு நோட்டில் ஒவ்வொரு கொடியும் எங்கிருந்து வந்தது, எப்போது நட்டது, எந்த மாதம் பூத்தது என்று எழுதி வைக்க வேண்டும். பலகை வெயிலில் வெளிறிவிடும். காட்டுக் கொடிகளை அடையாளம் காண, திருப்பதியில் 2008-இல் வெளிவந்த சித்தூர் மாவட்டப் பூக்கும் தாவரங்கள் பற்றிய ஆங்கில நூல் துணை. பலமனேர் பக்கத்துக் கௌண்டின்யா சரணாலயத்திலோ காப்புக்காட்டிலோ செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். பட்டா நிலத்து வேலியில் படர்ந்ததை உரிமையாளர் அனுமதியோடு பதியம் போட்டு எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து கன்றோ விதையோ வரவழைப்பதென்றால் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைக் காப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதியும் அந்நாட்டின் நோயற்ற சான்றும் வேண்டும்; அஞ்சல் உறையில் ஒளித்து விதை வரவழைப்பது அந்த ஆணையை மீறுவதாகும்.