பன்ஜும் ஊமத்தையும்: மதி மயக்கும் பொருள்கள் குறித்து ஃபிக்ஹு

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத் தரிசு நிலங்களில் ஊமத்தை தானாகவே முளைத்துக் கிடக்கும். அதன் விதையை உண்டவர் இல்லாததைக் காண்பார். எதிரே நிற்பவரை அறியார். அளவு மிஞ்சின் உயிரும் போகும். அவ்விதையின் நஞ்சுகளுள் ஒன்று அட்ரோபின். பூச்சிமருந்து அருந்திய உழவரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், உயிர் மீட்க மருத்துவர் ஏற்றுவதும் அட்ரோபின்தான்.

நம் ஃபிக்ஹு நூல்கள் பேசும் 'பன்ஜ்' ஊமத்தையின் குடும்பத்துச் செடியே. (பிற்காலத்தில் இச்சொல் நம் நாட்டுப் 'பங்கு'டன் கலந்துவிட்டதால் ஓதுவோர் தடுமாறுவதுண்டு.) மாலிக்கி அறிஞர் இமாம் கராஃபி (வஃபாத் ஹி. 684) 'அல்-ஃபுரூக்' நூலில் இத்தகையவற்றை மூன்றாகப் பிரிக்கிறார். களிப்பூட்டி அறிவை மறைப்பது முஸ்கிர்; புலன்களையும் உறங்கச் செய்வது முர்கித்; களிப்பின்றி அறிவைக் குலைப்பது முஃப்ஸித். பின்னிரண்டுக்கும் மதுவுக்குரிய ஹத்துத் தண்டனை இல்லை. அறிவைத் தொடாத சிறு அளவுக்குத் தடையுமில்லை. ஹஷீஷை அவர் மூன்றாம் வகையில் வைத்தார். இப்னு தைமிய்யாவோ (வஃபாத் ஹி. 728) அதனை முஸ்கிர் என்றே கொண்டு, ஹத்து உண்டு என்றார். வேறுபாடு தண்டனையில்தான், அறிவைக் குலைக்குமளவு வீணே உண்பது ஹராம் என்பதில் அன்று. "இது மதுவன்றே" என்னும் இளைஞர் வாதம் இங்கே நிற்காது.

மறுபுறம், அழுகிய கையைத் துண்டிக்க அறிவை நீக்குவது அவசியமாயின் அது ஆகும் என்பதையே இமாம் நவவி (வஃபாத் ஹி. 676) சரியான கருத்தாகக் கொண்டார்கள். அறுவைக்கு முன் ஏற்றப்படும் கெட்டமின் இதன்பாற்படும்.

சிலவகைக் காளான்களிலுள்ள சைலோசைபினையும் இவ்விரு விதிகளுக்கிடையே வைத்தே நோக்கவேண்டும். பிற மருந்துக்கு இணங்காத மனச்சோர்வுக்கு அதனை அளிக்க, உரிய அனுமதி பெற்ற மனநல மருத்துவர்க்கு ஆஸ்திரேலியா 2023 ஜூலையில் வழிவிட்டது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் கொடைக்கானலில் இக்காளான் களவாக விலைபோகிறது. மனப்பிளவு நோயுடையோரையும், அந்நோய் குடும்பத்திலுள்ளோரையும் ஆய்வாளர்கள் பொதுவாக முன்பே விலக்கிவிடுகின்றனர். மலைச்சாலையில் விற்பவன் அதைக் கேட்பானா?

2006இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் கலந்துகொண்டோர் பலர், அம்மயக்கத்தைத் தம் வாழ்வின் மிக ஆழ்ந்த ஆன்மிக அனுபவங்களுள் ஒன்றென்றனர். அவர்கள் கண்டதாகச் சொல்வதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தக்லீஃபுக்கு அடித்தளம் அறிவு. அது விலகிய நிலையை வணக்கமென்று எந்த மத்ஹபும் ஏற்காது. ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வேறுபாடு தொழுகையிலேயே தெரியும்: தேவைக்கு மருந்துண்டு அறிவிழந்தவர்மீது தவறிய தொழுகைக்குக் களா இல்லை, தேவையின்றி, அறிந்தே உண்டு அறிவிழந்தவர் அத்தனையையும் களாச் செய்தாக வேண்டும்.