என்பும் உயிருடையதே

என்பு என்றதும் உள்ளத்தில் எழுவது மயானத்திற் கிடக்கும் உயிரற்ற வெண்பொருளே. அஃது இறந்த என்பின் தோற்றம். உயிருள்ள உடலில் என்பு குருதி ஓடும் இழையமாகும். சித்த மருத்துவ முன்னோர் அதனை ஏழு தாதுக்களுள் ஒன்றாக எண்ணினர். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் பயிற்றி, 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலைத் தமிழில் வெளியிட்டார். ஆதலின் இப்பொருளைத் தமிழில் ஆராய்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று.

அமைப்பு

எழுவைதீவின் முருகைக்கல்லும் கல்சியம் செறிந்தது; என்பும் அத்தகையதே. ஆயினும் கல் அடித்தால் நொருங்கும். என்போ ஓரளவு வளைந்து கொடுக்கும். என்பினுள் கல்சியம் பொசுபேற்று உப்போடு கொலாசன் என்னும் புரத நார்களும் பின்னிக் கிடத்தலே காரணம். கோழியின் கால் எலும்பைச் சில நாள் வினாகிரியில் ஊறவிடின் உப்புக் கரைந்து எலும்பு வளையும். தீயிலிடின் நார் எரிந்து எளிதிற் பொடியாகும். பனையிற் புறத்தே வைரமும் அகத்தே சோறும் இருத்தல்போல, என்பிற் புறத்தே செறிந்த பகுதியும் அகத்தே கடற்பஞ்சு போன்ற பகுதியும் உள. அதன் இடைவெளிகளில் நிறைந்த மச்சையிலே குருதிக் கலங்கள் பிறக்கின்றன. தாதுக்களுள் ‘மூளை’ எனப்பட்டது இம்மச்சையே.

ஆக்கமும் வளர்ச்சியும்

கருவிலே கைகால் என்புகள் முதலிற் கசியிழையமாகத் தோன்றிப் பின்னரே என்பாகின்றன. மண்டையோட்டின் மேற்பகுதியோ மென்சவ்வினின்று நேரே உருவாகும். அது முற்றும் இணையாத இடமே குழந்தையின் உச்சிக்குழி. நீண்ட என்புகளின் முனைகளை அடுத்துள்ள கசியிழையத் தட்டுகள் பெருகுவதாலேயே நாம் உயர்கின்றோம். ஏறத்தாழ இருபது வயதளவில் அவை என்பாகி மூடிவிட, உயர்தல் நின்றுவிடும்.

உயர்தல் நின்றாலும் வேலை நிற்பதில்லை. ஒருவகைக் கலங்கள் பழைய என்பை அரித்தகற்ற, மற்றொருவகைக் கலங்கள் புதியதை ஆக்குகின்றன. வளர்ந்தோரின் என்பில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது. முறிந்த என்பு பொருந்துவதும் இக்கலங்களின் தொழிலாலேயே.

சேமிப்பும் செலவும்

முப்பது வயதளவும் ஆக்கம் மிகும். பின்னர் அழிவு மெல்ல விஞ்சும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் அது விரைவுறும். மெலிந்த என்பு சிறு வீழ்ச்சியிலும் முறியும். இடுப்பென்பு முறிந்த முதியவரைச் சத்திரசிகிச்சைக்குப் படகேற்றிக் கடல் கடத்தவேண்டிய எழுவைதீவு போன்ற ஊரில் அத்துன்பம் இரட்டிக்கும்.

ஆதலின், மாணவர்காள், இது உங்களுக்குச் சேமிப்புக் காலம். குரக்கன், எள், முருங்கையிலை, பால் ஆகியவற்றையும், மீன் உண்போர் முள்ளோடு உண்ணத்தக்க நெத்தலியையும் விரும்பி உண்ணுங்கள். வெயில் படுதலால் தோலில் உண்டாகும் விற்றமின் டீ உணவுக் கல்சியத்தை உடல் ஏற்கத் துணைசெய்யும். ஓடி விளையாடுங்கள், சுமை தாங்கும் என்பே வலுப்பெறும். பழைய மாணவராகிய பெரியோர் நாள்தோறும் நடத்தலைக் கைவிடாதிருப்பாராக. புகையும் மதுவும் என்புக்கும் பகையே. இளமையில் இட்ட முதலே முதுமையில் நம்மை நிமிர்ந்து நிற்கச் செய்யும்.