ஸ்டார்ட்டர் திருகை எவ்வளவு முறுக்குவது?

பம்புசெட் மோட்டார் புகைந்து நின்றுவிட்டால் ‘வோல்டேஜ் குறைவு’ என்றோ, ‘காயில் கட்டியது சரியில்லை’ என்றோதான் பெரும்பாலும் காரணம் சொல்லப்படுகிறது. மோட்டாரைக் கழற்றி டவுனுக்கு அனுப்பி, காயில் கட்டி வருவதற்குள் பூத்திருக்கும் நிலக்கடலையும் கதிர் வெளிவரும் நெல்லும் வாடத் தொடங்கிவிடுகின்றன. கோளாறு ஆரம்பித்த இடமோ மோட்டாராக இல்லாமல், சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டராக இருக்கலாம். அங்கே ஒயர் நுழையுமிடத்தில் உள்ள சிறு பித்தளைத் திருகு ஒன்று தளர்ந்திருந்தால் போதும்.

ஒயரும் அதைத் தாங்கும் தகடும் முழுவதும் ஒட்டியிருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் இரண்டின் பரப்பும் மேடுபள்ளமானவை. மேடுகள் சந்திக்கும் சில புள்ளிகளின் வழியாக மட்டுமே மின்சாரம் கடக்கிறது. திருகு அழுத்தும்போது மேடுகள் நசுங்கி, தொடும் இடம் பெருகுகிறது. அழுத்தம் குறைந்தால், மடை வாயில் குப்பை அடைத்தது போல் அந்த இடத்தில் தடை உண்டாகிறது.

5 குதிரைத்திறன் உள்ள மூன்று பேஸ் மோட்டார் முழுச் சுமையில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த திருகில் அரை ஓம் தடை ஏற்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே உண்டாகும் வெப்பம் 28 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அவ்வளவு சூடும் ஒரு மொச்சைக்கொட்டை அளவுள்ள இடத்தில், மோட்டார் ஓடும் நேரமெல்லாம் இருந்துகொண்டிருக்கிறது. மோட்டார் கிளம்பும் சில விநாடிகளில் மின்னோட்டம் சுமார் ஆறு மடங்காவதால் வெப்பம் 36 மடங்காகிறது. ஆனால் இந்தத் திருகில் வீணாகும் மின்னழுத்தம் 4 வோல்ட்டுக்கும் குறைவுதான். ஆகவே மோட்டார் வழக்கம்போல் ஓடும், தண்ணீரும் வழக்கம்போல் கொட்டும். யாருக்கும் சந்தேகம் வராது.

சூட்டினால் செம்பு கறுத்து, தடை மேலும் கூடுகிறது. தடை கூடக்கூடச் சூடும் கூடுகிறது. கடைசியில் ஒயர் அந்த இடத்திலேயே எரிந்து விடுபட, மோட்டார் இரண்டு பேஸில் உறுமிக்கொண்டு ஓடுகிறது. மீதி இரண்டு ஒயர்களிலும் மின்னோட்டம் ஒன்றே முக்கால் மடங்கு அளவுக்கு ஏறிவிடும். ஓவர்லோடு ரிலே சரியாக வைக்கப்பட்டிருந்தால் மோட்டாரை நிறுத்திவிடும். ‘அடிக்கடி டிரிப் ஆகிறது’ என்று ரிலேயை உயர்த்தி வைத்தோ, ஒயரை நேராகக் கொடுத்தோ இருந்தால் காயில் கருகிவிடும். மோட்டாரைப் பிரிக்கும்போது நீங்களும் உடன் இருந்து பாருங்கள். சுருள்கள் முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் அது அதிகச் சுமையின் அடையாளம். சில சுருள்கள் கருகி, மற்றவை புதிது போல் இருந்தால் ஒரு பேஸ் விடுபட்டதே காரணம். பியூஸ் முதல் ஸ்டார்ட்டர் வரை எல்லாத் திருகுகளையும் பார்க்காமல் அந்த மோட்டாரை மறுபடி மாட்டக்கூடாது.

ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நள்ளிரவில் மூன்று பேஸ் வந்ததும் மோட்டார் தானே கிளம்பிவிடுகிறது. கருகும் நாற்றத்தை முகர்ந்து அறிய அங்கே ஆள் இருப்பதில்லை.

அதிகம் முறுக்கினாலும் கெடுதல்

இதற்குப் பயந்து, பலம் கொண்ட மட்டும் முறுக்கிவிடுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். ஸ்குரூ டிரைவரின் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்து இன்னும் அரைச் சுற்று திருப்பும் வழக்கமும் உண்டு. இது பெருந்தவறு. ஓரளவுக்கு மேல் அழுத்தினால் தடை மேலும் குறைவதில்லை, சேதம்தான் மிஞ்சும். பித்தளை மரை உரிந்துவிடும். பேக்லைட் அடித்தளம் விரிசல் விடும். பல இழை ஒயரில் சில இழைகள் வெட்டுப்படும். அளவுக்கு மீறி இழுபட்ட திருகு அந்தப் பிடிமானத்தையும் இழந்துவிடுகிறது. கையில் இறுக்கமாகத் தெரிந்தாலும் ஒயரை அது பிடித்திருக்காது.

அப்படியானால் சரியான அளவு எது? அதைக் கணக்கிட்டே வைத்திருக்கிறார்கள். முறுக்கும் விசையை நியூட்டன் மீட்டர் என்ற அளவில் சொல்வார்கள். மின் கருவிகளில் பொதுவாக 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள திருகுக்கு 1.2 நியூட்டன் மீட்டர், 5 மில்லிமீட்டர் திருகுக்கு 2 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் ஒன்றேகால் கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு, ஏறத்தாழ முதலில் சொன்ன அளவாகும். இரண்டாவதற்கு 2 கிலோ. எவ்வளவு குறைவு என்று பாருங்கள்! ஸ்டார்ட்டருடன் வரும் தாளிலோ மூடியின் உட்புறத்திலோ வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். குறித்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று விட்டுவிடும் டார்க் ஸ்குரூ டிரைவர் கடைகளில் கிடைக்கிறது. ஒரு விவசாயிக்கு அது வேண்டியதில்லை; ஊருக்கெல்லாம் வேலை செய்யும் எலக்ட்ரீஷியனிடம் இருக்க வேண்டிய கருவி அது.

ஒயர் முனையைத் தயார் செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. திருகின் கீழ் இன்சுலேஷன் மாட்டிக்கொண்டால் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. தடித்த ஒயரையும் மெல்லிய ஒயரையும் ஒரே திருகின் கீழ் கொடுத்தால் மெல்லியது தொளதொளவென்று கிடக்கும். பல இழை ஒயரின் முனைக்கு ஈயம் பூசித் திருகின் கீழ் வைப்பதைச் சிலர் சுத்தமான வேலை என்று கருதுகிறார்கள். ஈயப்பற்று மெதுவானது, அழுத்தத்தில் நாளடைவில் வழிந்து விலகிக்கொடுப்பதால் திருகு தளர்ந்துவிடும். ஈயம் பூசுவதற்குப் பதிலாகச் சரியான அளவு லக் வைத்து அழுத்துவதே நல்லது. முறுக்கிய பின் ஒயரைச் சற்று அசைத்து, இழுத்துப் பார்த்து, மறுபடி அதே அளவுக்கு முறுக்க வேண்டும். இழைகள் படிந்து இடம் கொடுத்திருக்கும்.

அலுமினிய ஒயரின் சங்கதி வேறு. சூட்டில் அது செம்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரிகிறது. திருகின் கீழ் மாட்டிய அலுமினியம் விரிய இடமில்லாமல் நசுங்கி, ஆறியதும் சுருங்கித் தளர்ந்துவிடும். போதாக்குறைக்குக் காற்றுப் பட்டதும் அதன்மேல் மின்சாரம் கடத்தாத ஒரு படலம் படிகிறது. செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து முறுக்கினால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். மீட்டரிலிருந்து அலுமினியம் வந்தால், இரண்டு உலோகங்களுக்கும் ஏற்ற லக் கேட்டு வாங்கிப் போடுங்கள். தளரும்போதெல்லாம் முறுக்கிக்கொண்டே போவது வைத்தியமல்ல. நசுங்கிய முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிக் கொடுக்க வேண்டும்.

பியூஸ் விஷயத்தையும் இங்கே சொல்லிவிடலாம். பியூஸ் கம்பி நடுவில் உருகாமல் திருகின் ஓரத்திலேயே அடிக்கடி உருகினால் திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தடித்த கம்பி போடுவது ஆபத்தை வளர்ப்பதாகும்.

சத்தமில்லாத திருகு

மற்றத் திருகுகள் தளர்ந்தால் நாற்றம், நிறமாற்றம், ‘கரகர’ சத்தம் என்று ஏதாவது அடையாளம் காட்டும். எர்த் திருகு எதையும் காட்டாது. கோளாறு இல்லாத நாளில் அதில் மின்சாரம் போவதில்லை, ஆகவே சூடேறாது. மோட்டாரும் குறைவின்றி ஓடும். காயிலில் கசிவு ஏற்பட்டு ஈரக்கையோடு ஒருவர் மோட்டாரைத் தொடும்போதுதான் அது தெரியவரும். மோட்டாரின் உடலிலும் ஸ்டார்ட்டர் பெட்டியிலும் எர்த் குழியிலும் உள்ள போல்ட்டுகளில் துரு சுரண்டப்பட்டுள்ளதா, ஒயர் அசைகிறதா என்பதை வருடம் ஒருமுறையாவது எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். பாசனப் பருவம் தொடங்குமுன் செய்வது வசதி.

இந்த வேலைக்கு முன் மெயினை அணைத்துப் பியூஸ்களை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ சுவிட்சையும் நிறுத்த வேண்டும். மெயினை அணைத்த பிறகும் அதன் மேல்புற முனைகளில் மின்சாரம் இருக்கும், கப்பாசிட்டரிலும் தங்கியிருக்கும். மீட்டரின் திருகுகள் மின்வாரிய ஊழியருக்கு உரியவை, யாரும் தொடக்கூடாது. சரியாக முறுக்கி முடித்த திருகின் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை ஒரு பெயிண்ட் கோடு இழுக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடித்து மிஞ்சிய பெயிண்ட் போதும். அடுத்த தடவை திறக்கும்போது கோடு விலகியிருந்தால் அந்தத் திருகு திரும்பியிருக்கிறது.