நீரரணும் காட்டரணும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல்நடுவில் சிறியதொரு கோட்டை நிற்கின்றது. தீவார் அதனைக் கடற்கோட்டை என்பர். ஒல்லாந்தர் இட்ட பெயர் ஹம்மன்ஹீல். பன்றித் தொடையின் குதி என்பது அதன் பொருள். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடைபோலத் தோன்றியதாம். படம் வரைந்தவரின் பசியை என்னென்பது!

1658ஆம் ஆண்டில் இக்கோட்டை போர்த்துக்கேயர் வசமிருந்தது. ஒல்லாந்தர் வந்து வளைத்தனர். உள்ளே மதிலும் பீரங்கியும் குறைவின்றி இருந்தன. குடிப்பதற்கு நன்னீர் மட்டும் தீர்ந்து போயிற்று. கோட்டை பணிந்தது. அதே ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது. கடலை ஆள்பவன் எவனோ அவனே தீவை ஆள்வான் என்பதைப் புங்குடுதீவாரும் நெடுந்தீவாரும் நயினாதீவாரும் எவரும் சொல்லாமலே அறிவர். ஒளிந்துகொள்ள அங்கே மலையில்லை, அடர்ந்த காடுமில்லை, பனையும் பற்றையும் கல்வேலியுமே உள.

பண்டைத் தமிழ்நூலோர் நீர், நிலம், மலை, காடு என அரணை நான்காக வகுத்தனர். இவற்றுள் காட்டரண் மற்றைய மூன்றினின்றும் வேறானது. அதற்கு மதிலில்லை, வாயிலுமில்லை. எனவே வளைத்துப் பிடிப்பதற்கும் இடமில்லை. இவ்வுண்மையை மிகப் பெருவிலை கொடுத்துக் கற்ற வல்லரசு ஐக்கிய அமெரிக்கா. கற்ற இடம் வியட்நாம்.

அமெரிக்கா அப்போரிற் புகுந்தது ஒரே நாளிலன்று. 1950இல் பிரான்சுக்குப் பணமும் படைக்கலமும் அளிப்பதாகத் தொடங்கிய தொடர்பு அது. 1954இல் டியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை முற்றுகைக்குள்ளாயிற்று. பிரெஞ்சு வீரரை ஏற்றிய அமெரிக்காவின் குளோப்மாஸ்ரர் விமானங்கள் தன் வான்வழியே செல்ல நேரு இடங்கொடுக்க மறுத்தார். இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை இசைந்தார். விமானங்கள் கட்டுநாயக்காவில் இறங்கிச் சென்றன. இந்தோசீனாவில் போர்நிறுத்தம் வேண்டுமென்று ஐந்து ஆசியப் பிரதமர்கள் கொழும்பிற் கூடிப் பேசியதும் அதே காலத்திலேதான். ஒரு மேடையிற் சமாதானமும் ஒரு விமானத்தளத்திற் படையுமாக அன்று இலங்கை நின்றது.

டியன் பியன் பூ மே மாதம் 7ஆம் நாள் வீழ்ந்தது. அதை வீழ்த்தியவர் பீரங்கிகளைத் துண்டு துண்டாகக் கழற்றி மலைமேல் ஏற்றினர். உணவுப் பொருளை மிதிவண்டியிற் கொண்டுசென்றனர். ஏறி ஓட்டியல்ல, கைப்பிடியில் மூங்கிற்கழி கட்டித் தள்ளிக்கொண்டு. ஒரு வண்டி 200 கிலோவுக்கு மேல் தாங்கிற்று. பெருவீதியும் பாலமும் உடைந்தால் மோட்டார் வண்டி நின்றுவிடும். காட்டு ஒற்றையடிப் பாதையில் மிதிவண்டி நிற்பதில்லை. இதனை அமெரிக்கத் தளபதிகள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1965 மார்ச்சு 8இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்கள் டா நாங் கரையில் இறங்கினர். 1969இல் அங்கிருந்த அமெரிக்க வீரர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. ஹெலிக்கொப்டர் அவர்களைக் காட்டின் நடுவே இறக்கும். சண்டை முடிந்தபின் திரும்ப ஏற்றிச் செல்லும். காலையிற் பிடித்த குன்று மாலையில் மீண்டும் எதிரியுடையதாகும். பிடித்த ஊரைச் சொல்லி வெற்றியை அளக்க இயலாதபோது, விழுந்த உடல்களை எண்ணி அளந்தனர். அந்த எண்ணிக்கையில் உழவன் யார், போராளி யார் என்று பிரித்தறிந்தோர் சிலரே. இக்கணக்குமுறையே அப்போரின் பெரும் பிழை எனலாம்.

காடுதான் பகை என்றால் காட்டையே அழித்துவிடலாம் என்ற எண்ணமும் எழுந்தது. 1962 முதல் 1971 வரை 7 கோடி லீற்றருக்கு மேற்பட்ட இலையுதிர் நஞ்சை வானிலிருந்து தெளித்தனர். பீப்பாய்களில் வரைந்த செம்மஞ்சட் பட்டையால் அவற்றுள் ஒன்று ‘ஏஜன்ட் ஒறேஞ்ச்’ எனப் பெயர்பெற்றது. இலை உதிர்ந்தது, போர் ஓயவில்லை. அதிற் கலந்திருந்த டயொக்சின் மண்ணிலே தங்கிவிட்டது. டா நாங் விமானத்தளத்தின் மண்ணைத் தூய்மை செய்யும் வேலை 2018இலேதான் முடிந்தது. 1973இல் பாரிசு உடன்படிக்கையின்படி அமெரிக்கப் படை வெளியேறியது. 1975 ஏப்பிரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. மாண்ட அமெரிக்கர் 58,000க்கு மேற்பட்டோர். வியட்நாமியரின் தொகையோ பல இலட்சம்.

இக்கதை இலங்கைத் தமிழருக்குத் தொலைவான கதையன்று. 1987 யூலை உடன்படிக்கையின்பின் இந்திய அமைதிப்படை பலாலியில் வந்திறங்கியது. ஒக்டோபரில் அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. யாழ்ப்பாண நகரம் சில வாரங்களிற் படையின் கைக்கு வந்தது. அதற்குள் பொது மருத்துவமனையிலேயே நோயாளரும் மருத்துவரும் தாதியரும் உயிரிழந்தனர். நகரம் வீழ்ந்ததும் போர் வன்னிக் காட்டுக்குள் நகர்ந்தது. முல்லைத்தீவின் காடுகளிலே 1988இலும் 1989இலும் இந்தியப் படை தேடித் தேடி அலைந்தது. 1990 மார்ச்சு 24இல் கடைசி வீரன் கப்பலேறியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர் மாண்டிருந்தனர். வியட்நாமையும் வன்னியையும் ஒன்றென்று கூறுதல் பொருந்தாது. இந்தியா இலங்கை அரசோடு செய்த உடன்படிக்கையின்படி வந்தது, நஞ்சு தெளிக்கவில்லை, அயலவரின் மொழியை அறிந்த தமிழ் வீரரும் அதன் அணியில் இருந்தனர். ஆயினும் காடு இரு படைகளையும் ஒரே விதமாகவே நடத்தியது. இரண்டையும் மீட்டழைத்தது போர்க்களத்தின் தோல்வியன்று. தலைநகரங்களில் நேர்ந்த மனமாற்றமே.

அதன்பின் தீவுகளின் முறை வந்தது. 1990 ஓகஸ்ற் மாதத்தில் இலங்கைப் படை கடல்வழியே ஊர்காவற்றுறையில் இறங்கியது. 1658இல் நடந்ததுபோலவே கடலை வைத்திருந்தவர் தீவைப் பிடித்தனர். அங்கே ஒளிந்திருந்து போரை ஆண்டுக்கணக்காக நீட்டக் காடில்லை. குடும்பங்கள் ஒதுங்கியிருக்கவும் காடில்லை. தீவார் பலர் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு குடாநாட்டுக்கும், பின்னர் வன்னிக்கும், கொழும்புக்கும், கடல்கடந்த நாடுகளுக்கும் போயினர். போர் 2009இல் முடிந்தது, சிலர் மீண்டனர். கூரையிழந்த கல்வீடுகள் ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் இன்னும் நிற்கின்றன. கடற்கோட்டையைக் கடற்படை திருத்தி, உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக்கியிருக்கின்றது.